நல்ல தண்ணீர்க் கிணறு

எனக்குக் கல்யாணம் முடிந்த புதிதில் மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ இன்னும் வீட்டில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பல் தெரியச் சிரிக்கிறார். நான் பக்கத்தில் உதட்டை இறுக மூடிக்கொண்டு, சண்டைக்கு வந்தவள் மாதிரி நிற்கிறேன். பார்க்கிறவர்கள், அந்தக் காலத்துப் பெண்ணுக்கு எவ்வளவு அடக்கம் என்பார்கள். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் பல் காவி நிறம். செம்மண் சுவரில் மழைத் தண்ணீர் இறங்கினால் விழுகிற கறை மாதிரி, ஒவ்வொரு பல்லிலும் குறுக்கே கோடு. முன்பல் இரண்டில் குழி வேறு.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசல் மெலிந்து பாறை தலைகாட்டுகிற இடத்தில் இருந்தது. ஊரில் எல்லாருக்கும் இதே பல்தான். அதனால் பன்னிரண்டு வயது வரைக்கும் அதை ஒரு குறையாக நான் நினைத்ததே கிடையாது. ‘எல்லாருக்கும்’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அது பொய். அது எப்படிப் பொய் என்று சொல்லத்தான் இந்த வயதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஊர் நடுவில் ஒரு கிணறு. நல்ல தண்ணீர்க் கிணறு என்று பெயர். பாறையை வெட்டி இறக்கிய ஆழக் கிணறு. அந்தத் தண்ணீரில் பருப்புப் போட்டால் பூவாய் வெந்துவிடும். குடித்தால் தொண்டையில் சில்லென்று இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்தால் தண்ணீர் மேலே ஏறிவிடும். அப்போது கொஞ்சம் சப்பென்று இருக்கும். சித்திரையில் வாளி கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். அடியில் கிடக்கிற அந்தக் கோடைத் தண்ணீர்தான் ருசி என்று எங்கள் ஆட்கள் நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். விருந்தாளி வந்தால் சோற்றுக்கு முன்னால் ஒரு செம்பு தண்ணீரைக் கொடுத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அந்தக் கிணற்றில் ஓடைக்கரை ஆட்கள் வாளி போடக் கூடாது. ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்களை ஓடைக்கரை ஆட்கள் என்போம். எங்கள் காடுகளில் களை எடுப்பதும் கதிர் அறுப்பதும் அவர்கள். அவர்களுக்குக் குடிக்க ஊருணி. அதே ஊருணிதான் எங்களுக்கு மாடு குளிப்பாட்ட. பங்குனி பிறந்தால் ஊருணி காய்ந்துவிடும். அவர்கள் ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்புவார்கள். அதுவும் போதாதபோது எங்கள் கிணற்றுக்கு எட்டத்தில் வந்து குடத்தை வைத்துவிட்டு நிற்பார்கள். மனசு வந்தவர்கள் ஊற்றுவார்கள். பல நாள் யாருக்கும் மனசு வராது. நானும் அந்த வழியாகக் குடத்தோடு நடந்தவள்தான்.

பல்லைப் பற்றி எனக்கு முதலில் தெரிவித்தவள் பழங்காநத்தத்து அத்தையின் நாத்தனார் மகள். அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். ஏதோ ஒரு கேலிக்கு நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் என் வாயையே பார்த்தாள்.

“ஏன்டி, இந்த வயசுலயே வெத்தல போடுவியா? அதுவும் பொயலயோட போடுவ போல.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாருக்கும் வெள்ளைப் பல். நான் வாயை மூடினேன். மூடியது மூடியதுதான். ஊருக்குத் திரும்பியதும் செங்கல்லை இடித்துச் சலித்து, அடுப்புக்கரியும் உப்பும் சேர்த்துத் தேய்க்க ஆரம்பித்தேன். ஈறெல்லாம் ரத்தம். கறை மட்டும் அசையவில்லை. அண்ணனுக்கு அங்கங்கே பொட்டு வைத்த மாதிரிதான் இருக்கும். எனக்குத்தான் முழுக் காவி. சின்னப் பிள்ளையில் நான் அடுப்புச் சாம்பலை அள்ளித் தின்றதால் அப்படி என்று அம்மா சொல்லிவிட்டாள். அதையும் நம்பினேன்.

அய்யாவிடம் ஒருநாள் அழுதேன். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் பெரிய தலை. அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

“நம்ம பல்லு உரம் ஏறுன பல்லு ஆத்தா. டவுன்காரன் பல்லு சுண்ணாம்புப் பல்லு. ஒரு கரும்பக் கடிக்கச் சொல்லு, தெரியும்,” என்றார். எனக்குக் கரும்பு கடிக்கிற மாப்பிள்ளை கிடைப்பானா என்பதுதான் அப்போதைய கவலை.

கிடைத்தவர் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். பெண் பார்க்க வந்தபோது கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை ஆட்டியே சமாளித்தேன். ‘வாயே திறக்காத பொண்ணு’ என்று என் மாமியாருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் மாமியாருக்கு விஷயம் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாசம் பிறந்தால் ஒரு பல்பொடிப் பொட்டலத்தை வாங்கி வந்து, என் கையில் கொடுக்காமல், மாடத்தில் வைத்துவிட்டுப் போவார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பொட்டலத்தைப் பார்க்கும்போது அப்படியே தரைக்குள் போய்விடலாம் என்று இருக்கும். பால்காரரிடம் பேசினாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் பேசுவேன். வீட்டுக்காரர் நல்ல மனுஷர். ‘நீ என்ன சொல்றேன்னே புரியல, துணிக்குள்ள பேசுற’ என்று கேலி செய்வதோடு சரி.

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போனது மழைக்காலத்தில். மகனைத் தூக்கிக்கொண்டு தையில் திரும்பிவிட்டேன். அவனுக்குப் பால்பல் முளைத்தபோது என் மாமியார் அவனை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வாயைத் திறந்து பார்த்தார். வெள்ளையாக இருந்தது. பெருமூச்சு விட்டார். நானும்தான். ஆனால் பால்பல் விழுந்து முளைக்கிற பல் எப்படி வருமோ என்ற பயம் எனக்குப் போகவில்லை. என் ரத்தத்தில் இருக்கிற கறை அவனுக்கும் இறங்கியிருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பயத்தைப் புரட்டிப் போட்டவர் எங்கள் வளவில் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர். சுகாதார இலாகாவில் வேலை. ஊர் ஊராகப் போய்க் கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடிச் சீசாவில் பிடித்து, மூடி போட்டு மெட்ராஸுக்கு அனுப்புவார். மழை முடிந்து ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை, அதே கிணற்றில். எதற்கு ஒரே தண்ணீரை இரண்டு தடவை எடுக்கிறார் என்று நாங்கள் சிரிப்போம். ஒருநாள் என் முந்தானை நழுவிய நேரம் அவர் பார்த்துவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

“வீட்ல எந்த ஊரு? மேக்கேயா? பாறைக் கெணறா இருக்குமே.”

கோளாறு தண்ணீரில்தான் இருக்கிறது என்றார். பாறையில் இருக்கிற ஏதோ ஒன்று தண்ணீரில் கரைகிறதாம். ஃபுளோரைடு என்ற பேரைப் பிற்பாடு பேப்பரில் படித்துத்தான் வாயில் நுழைத்துக்கொண்டேன். அதற்கு ருசியும் கிடையாது, வாசனையும் கிடையாது. மழை பெய்து புதுத் தண்ணீர் இறங்கினால் நீர்த்துப்போகும். கோடையில் கிணறு வற்ற வற்ற, அடியில் பாறையோடு ஊறிக் கிடக்கிற தண்ணீரில் கூடிக்கொண்டே போகும்.

“பல்லு மொளச்சதுக்கப்புறம் படியிற கறையில்லம்மா இது. சின்னப் பிள்ளைல, ஈறுக்குள்ள பல்லு வளர்றப்பவே உள்ள ஏறிருது. நீங்க எதப் போட்டுத் தேச்சாலும் போகாது. நீங்க நடை பழகுற காலத்துல மழை எப்படி?”

நான் பிறந்த பிறகு மூன்று நான்கு வருஷம் ஊரில் மழையே இல்லை என்று அம்மா சொல்வாள். அண்ணன் தவழ்ந்த காலத்தில் கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் போனதாம். சாம்பல் தின்ற கதை அன்றோடு முடிந்தது. எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது. உடனே கோபம் வந்தது. எத்தனை செங்கல்லை இடித்திருப்பேன்.

“ஊர்ல அம்புட்டுப் பேருக்கும் இப்படித்தானா?” என்று கேட்டார்.

“அம்புட்டுப் பேருக்கும்தான்,” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்குள் என்னவோ இடறியது. எங்கள் காட்டில் கதிர் அறுக்க வருகிற ஒரு ஓடைக்கரைப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். வேலைக்கு நடுவில் கதை சொல்லிச் சிரிப்பாள். பளீர் என்று இருக்கும். அவள் மட்டும் இல்லை, அவர்கள் எல்லாருமே அப்படித்தான். நான் அதைத் தினம் பார்த்திருக்கிறேன், ஆனால் கணக்கில் சேர்த்ததில்லை. ஊரில் எல்லாருக்கும் என்றால் அதில் அவர்கள் வர மாட்டார்கள்.

“இல்ல, ஓடைக்கரை ஆளுகளுக்கு நல்லா இருக்கும்,” என்றேன்.

“அவுக எந்தத் தண்ணி குடிக்கிறாக?”

“ஊருணித் தண்ணி. கோடைன்னா மணல்ல தோண்டுவாக.”

“கெணத்துல ஏன் எடுக்க மாட்டாக?”

என் வாயால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நாங்க விடமாட்டோம் என்றேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அத்தனை வருஷம் பல்லுக்காகக் கூசினேன். அன்றைக்குக் கூசியது வேறு.

இரண்டாவது பிரசவம் கோடையில் வந்தது. பங்குனியில் அய்யா வண்டி கட்டிக்கொண்டு கூப்பிட வந்துவிட்டார். அவருடைய முதுகு அப்போது நன்றாக விறைத்துப்போயிருந்தது. கழுத்தைத் திருப்ப முடியாது. கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவார். ஏர் பிடித்த முதுகு என்று ஊரில் சொல்வார்கள். ஏரே பிடிக்காத கிழவர்களுக்கும் எங்கள் ஊரில் அப்படித்தான் ஆகும். அதுவும் தண்ணீரால்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

போகாமல் இருக்க முடியாது. பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்பவில்லை என்றால் அய்யா வெளியே தலைகாட்ட மாட்டார். ஆனால் இந்தத் தடவை என் மகன் தானே டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்கிற பிள்ளை. காலமோ கடுங்கோடை. திரும்பி வர நாலைந்து மாதம் ஆகும். அவனுடைய நிலைக்கிற பல் அந்த நேரம் ஈறுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும். அதை மட்டும் எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று வண்டியில் போகும்போதே முடிவு செய்துவிட்டேன்.

போன அன்றைக்கே அய்யாவிடம் சொன்னேன். முழுதும் கேட்டார். பிறகு சிரித்தார்.

“ஊரே காவல் காத்த கெணறு ஆத்தா அது. அதுல போயி விசமா?”

“விசம்னு சொல்லலய்யா. பிள்ள பல்லுக்கு ஆகாதுன்னு சொல்றாக. ஊத்துத் தண்ணி மட்டும் குடுப்போம்.”

“அவுக தோண்டுன ஊத்துல போயி நம்ம வீட்டுக் கொடம் நிக்கிறதா?”

பேச்சு முடிந்தது என்று எழுந்துவிட்டார். மறுநாள் மத்தியானம், வீட்டில் எல்லாரும் கண் அயர்ந்த நேரம், மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சின்னக் குடத்தோடு ஓடைக்குப் போனேன். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. மணல் காலைச் சுட்டது. ஊற்றில் அந்தக் கதிர் அறுக்கிற பெண்தான் உட்கார்ந்து கோரிக்கொண்டிருந்தார். ‘கோரிக்கொண்டிருந்தார்’ என்று இப்போது எழுதுகிறேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதுவரைக்கும் நான் அவரை ஏய், ஏ பிள்ள என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

“அக்கா,” என்றேன்.

வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. அவசரமாக எழுந்து ஒதுங்கி நின்றார்.

“என்ன தாயி இந்த வெயில்ல?”

“பிள்ளைக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும்.”

“கெணத்துல எடுக்கலையா?”

“இதுதான் வேணும். அந்தத் தண்ணி பிள்ளைக்கு ஒத்துக்கலக்கா,” என்றேன்.

அவர் ஊற்றைப் பார்த்தார். உள்ளங்கை அளவு தண்ணீர் கசிந்து நின்றது. அது ஊறி, அவர் கோரி, மறுபடி ஊற வேண்டும். பக்கத்தில் வரிசையாகக் குடங்கள் காத்துக் கிடந்தன. ஓடைக்கரைக்கு முழுக்க அந்த ஒரு ஊற்றுதான்.

“உங்க அய்யாவுக்குத் தெரிஞ்சா எங்களத்தான் கேப்பாக தாயி.”

“அவருக்கு நான் சொல்லிக்கிறேன்.”

அவர் தன்னுடைய குடத்திலிருந்தே என் குடத்தில் ஊற்றினார். எட்ட நின்று, மேலே உயர்த்தி, குடம் படாமல் ஊற்றினார். எங்கள் கிணற்றில் நாங்கள் அவர்களுக்கு ஊற்றுகிற அதே தோரணை. அவர் அதைக் குத்தலாகச் செய்யவில்லை. தொட்டால் எனக்குத் தீட்டு என்று பயந்து செய்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு அது புரியவில்லை.

தினமும் போனேன். இரண்டு வாரத்துக்குள் அய்யாவுக்குத் தெரிந்துவிட்டது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சித்தப்பா மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்த வாரம்தான் பல்லைக் காரணம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அய்யா என்னைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை எல்லாம் மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். இந்தத் தடவை சிரிக்காமல் கேட்டார். பெருசுகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போனார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது. அய்யா மாறிவிட்டார் என்று அம்மாவிடம் பெருமையடித்தேன்.

சாயங்காலம் களைத்துப்போய், ஆனால் தெளிந்த முகத்தோடு வந்தார்.

“ஊத்தச் சுத்திக் கல்லு கட்டச் சொல்லிட்டேன். இனிமே அது நம்மளது. பிள்ளைக்கு நீ வெயில்ல அலைய வேணாம். ஆளுக கொண்டாந்து ஊத்துவாக.”

“அப்ப ஓடைக்கரை ஆளுக?”

“அவுகளுக்குக் கொற வைக்கல. கெணத்தத் தொறந்துவிட்டாச்சு. நாளையிலருந்து அவுகளே வாளி போட்டு எடுத்துக்கிறலாம்.”

நான் எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

“அதுல கெட்டது இருக்குன்னு சொன்னேனேய்யா.”

“நீ சொன்னத நம்பித்தானே ஊத்துக்குப் போனோம்.”

“அப்ப அவுக பிள்ளைக?”

அவர் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தார். உண்மையிலேயே என் கேள்வி அவருக்கு விளங்கவில்லை.

“எம்புட்டு வருசமா அந்தக் கெணத்துக்கு ஏங்கிக்கிட்டு நின்னாக. இப்பக் குடுத்தாச்சு. இன்னும் என்ன?”

ஊரில் அய்யாவின் பெருந்தன்மையைப் பற்றித்தான் பேச்சு. வெளியூரிலிருந்து வந்தவர்கள்கூட மெச்சிவிட்டுப் போனார்கள். நான் அவரோடு சண்டை போட்டேன், சாப்பிடாமல் கிடந்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரி, சூட்டில் ஏதோ பேசுகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த அக்கா எங்கள் கொல்லைப்புறம் வந்தார். தலையில் எண்ணெய் வைத்து, துவைத்த சேலை கட்டியிருந்தார். இடுப்பில் நிறைகுடம். என் மகனுக்கு இலையில் நுங்கு கொண்டுவந்திருந்தார்.

“இன்னைக்கு நானே வாளியப் போட்டு எறச்சேன் தாயி. எங்க மாமியா இந்தத் தண்ணியில ஒரு வாய் குடிக்கணும்னு சொல்லிக்கிட்டே செத்துச்சு. எல்லாம் நீங்க வந்த நேரந்தான்னு பேசிக்கிறாக. உங்களப் பாத்துச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

நான் அவர் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, அந்தத் தண்ணிய உங்க பிள்ளைகளுக்குக் குடுக்காதீக. கோடைல ரொம்பக் கெடுதல். ஓடைல வேற எடத்துல ஊத்துத் தோண்டுங்க. நான் அய்யாகிட்டப் பேசுறேன்.”

அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

“இம்புட்டு நாளும் நல்ல தண்ணி. நாங்க வாளி போட்ட மறுநாளே கெட்ட தண்ணியாயிருச்சா தாயி?”

“சத்தியமாச் சொல்றேன்க்கா. இங்க பாருங்க,” என்று முந்தானையை எடுத்துவிட்டு வாயைத் திறந்து என் பல்லை அவரிடம் காட்டினேன். அதுவரைக்கும் யாருக்கும் நானாகக் காட்டியதில்லை.

அவர் நின்று, நிதானமாகப் பார்த்தார்.

“இந்தப் பல்லோடதான தாயி எங்களக் கெணத்துப் பக்கம் வராதன்னு வெரட்டுனீக,” என்றார். குடத்தை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நான் யாரை விட்டுச் சொல்லச் சொன்னாலும் ஓடைக்கரையில் ஒருவரும் நம்பவில்லை. எங்கள் பேச்சை அவர்கள் எதற்காக நம்ப வேண்டும்?

வைகாசியில் மகள் பிறந்தாள். என் பிள்ளைகள் இருவரும் அந்தக் கோடை முழுக்க, ஆள் கொண்டுவந்து ஊற்றிய ஊற்றுத் தண்ணீரில்தான் வளர்ந்தார்கள். இப்போது இருவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பல் இன்னும் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. கல்யாண வீடுகளில் யாராவது அதைப் பார்த்து, ‘அம்மாவுக்கு இல்லாத பல்லு, எங்கே வாங்கினீக’ என்று கேலியாகக் கேட்பார்கள். என் மகள் சிரிப்பாள். நான் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.